கழலையின் சரித்திரம்

புதுமடத்துக் கரையில் நின்று மன்னார் வளைகுடாவை நோக்குகிறவர்களுக்கு, மீனும் உப்பும் மலிந்த இக்கடலோரத்துக்கும் கழுத்துக் கழலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் கடலுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பமே என்பதையும், 1962-இல் வகுக்கப்பட்ட தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் உப்பில் அயோடின் சேர்ப்பதையே சாதனமாகக் கொண்டது என்பதையும் நினைத்தால், இக்கடலோரத்து வாலிநோக்கம் உப்பளங்களும் இச்சரித்திரத்தில் சேர்ந்துவிடுகின்றன.

ஆயினும் எல்லாக் கழலையும் அயோடின் குறைவால் வருவதன்று. 1912-இல் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்மணிகளின் தைராய்டுச் சுரப்பியில் நிணநீர் அணுக்கள் குவிந்திருக்கக் கண்டு எழுதினார்; காரணம் விளங்காத அந்நெடுங்காலத்தில், புற்றுநோயோ என்னும் சந்தேகத்தால் பலருடைய கழுத்து கத்திக்கு இலக்காயிற்று. 1956-இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் முதலியோர், நோயாளியின் சீரத்தையும் சுரப்பியின் சாற்றையும் கூழ்ப்பரப்பில் சந்திக்க விட்டபோது வெண்கோடாய் ஒரு படிவு தோன்ற, தேகம் தன் அங்கத்தையே பகைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கும் விந்தை வெளிப்பட்டது.

இன்று அவ்வெதிர்ப்பொருளை அறிய ஒரு குழாய் இரத்தம் போதும். எனினும் எதிர்ப்பொருள் இருப்பதாலேயே சுரப்பி கெட்டுவிட்டதென்று முடிவு கட்டலாகாது, இல்லாததாலேயே வியாதி இல்லையென்றும் துணியலாகாது. கூந்தலுக்கென்று விழுங்கும் பயோட்டின் மாத்திரைகூட, அளவு மிகுந்தால், சில பரிசோதனைகளைப் பிழைபடுத்தி, சுரப்பு மிகுந்ததாக மயங்கச் செய்யும். ஆகையால் தைராய்டைத் தூண்டும் சுரப்பாகிய டி.எஸ்.எச். அளவும், நோயாளி சொல்லும் வார்த்தையும், கழுத்தைத் தொட்டறியும் வைத்தியர் விரலும் ஒருமித்துச் சாட்சி சொன்னாலன்றி ரோக நிர்ணயம் பூர்த்தியாவதில்லை.