தலையை மூடுவதா, திறப்பதா?

வாசகம்: 1 கொரிந்தியர் 11:2-22



ஞாயிறு திருப்பலிக்காக ஆலயத்துக்குள் நுழைகிறபோது சில செயல்களை நாம் யோசிக்காமலேயே செய்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். ஆண்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கிறார்கள். பெண்கள் சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ இழுத்து முக்காடு இடுகிறார்கள். உறுதிப்பூசுதலுக்கு ஆயர் வந்தால், அவர் மட்டும் தலையில் உயரமான மித்ராவுடன் பவனியாக வருகிறார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு: "ஆண்கள் தலையை மூடக்கூடாது என்றால் ஆயர் ஏன் மூடுகிறார்? பெண்கள் மூடத்தான் வேண்டுமா?" நியாயமான கேள்விகள்தான். விடை தேடி இன்று திருச்சபையின் வரலாற்றுக்குள் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

முதலில் பழைய ஏற்பாட்டுக்குப் போவோம். விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்கான உடைகளைக் கடவுள் மோசேயிடம் விவரிக்கிறார். அவற்றுள் ஒன்று தலைப்பாகை. ஆண்டவருக்கு உரியவர் என்று காட்டும் பொன் பட்டம் ஒன்று அதன் முன்பக்கத்தில் கட்டப்படவேண்டும். ஆக, எருசலேம் கோவிலில் தலைமைக் குரு தலையை மூடிக்கொண்டே இறைப்பணி செய்தார். யூத ஆண்கள் எல்லாரும் எப்போதும் தலையை மூடும் வழக்கம் பிற்காலத்தில்தான் பரவியது.

இப்போது கொரிந்துக்கு வருவோம். கி.மு. 146இல் உரோமையர் அந்தக் கிரேக்க நகரை அழித்தார்கள். கி.மு. 44இல் யூலியு சீசர் அதை உரோமைக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். பவுல் அங்கே போதித்த காலத்தில் கிரேக்கர், உரோமையர், யூதர், விடுதலை பெற்ற அடிமைகள், வணிகர் என்று பல வழக்கங்களைக் கொண்டவர்கள் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். கிரேக்க ஆண்கள் பலியிடும்போது தலையைத் திறந்து வைப்பார்கள். உரோமையரோ தங்கள் மேலாடையான தோகாவின் ஓரத்தை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்கள். அப்படி மூடிய தலையோடு நிற்கும் அகுஸ்து சீசரின் பளிங்குச் சிலை கொரிந்திலேயே அகழாய்வில் கிடைத்திருக்கிறது. பலி செலுத்தும் பெரிய மனிதரின் அடையாளம் அது.

பெண்களின் முக்காட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. வலி நிறைந்த வரலாறும்கூட. கிறிஸ்து பிறப்பதற்கு 1000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட அசீரியச் சட்டப் பலகை ஒன்று, மணமான பெண்கள் தெருவில் முக்காடு இடவேண்டும் என்கிறது. அடிமைப் பெண்ணும் விலைமகளும் முக்காடு இடவே கூடாது என்றும், மீறினால் கடும் தண்டனை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தச் சமூகத்தில் முக்காடு ஒரு வேலி. மானம் உள்ளவள் இவள், மானம் இல்லாதவள் அவள் என்று பிரித்துக் காட்டும் துணி.

இந்தப் பின்னணியோடு பவுலின் மடலை வாசித்துப் பார்ப்போம். கி.பி. 54, 55ஆம் ஆண்டுவாக்கில் எபேசிலிருந்து அவர் எழுதுகிறார். ஆண்கள் தலையை மூடாமல் மன்றாடட்டும், பெண்கள் மூடிக்கொண்டு மன்றாடட்டும் என்கிறார். இதில் இரண்டு செய்திகளை நாம் தவறவிடக்கூடாது. ஒன்று, சபையில் பெண்கள் வாய்திறந்து மன்றாடுகிறார்கள், இறைவாக்கு உரைக்கிறார்கள் என்பதைப் பவுல் இயல்பான நடைமுறையாகவே எடுத்துக்கொள்கிறார். இரண்டு, சீமாட்டிக்கு ஒரு விதி, அடிமைப் பெண்ணுக்கு ஒரு விதி என்று அவர் சொல்லவில்லை. எந்தப் பெண்ணாக இருந்தாலும் என்றே பேசுகிறார். வீட்டுத் தலைவியும் அவளுக்குத் தண்ணீர் சுமந்த அடிமைப் பெண்ணும் ஆண்டவரின் முன்னிலையில் ஒரே மதிப்போடு நின்றார்கள்.

அதற்குப் பின்னும் நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், மணமாகாத பெண்களும் முக்காடு இடவேண்டும் என்று வாதாடித் தனி நூலே எழுதினார். அவ்வளவு வாதாட வேண்டியிருந்தது என்றால், இடாதவர்களும் இருந்தார்கள் என்றுதானே பொருள்? நான்காம் நூற்றாண்டில் முக்காடு புதிய பொருளும் பெற்றது. புனித அம்புரோசின் சகோதரி மார்செல்லினா, 353ஆம் ஆண்டளவில் உரோமையில் தூய பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை லிபேரியுவின் கையால் கன்னியருக்குரிய முக்காட்டைப் பெற்றார். மணமகளின் முக்காடு, கிறிஸ்துவுக்கே தம்மைக் கையளித்த பெண்ணின் அடையாளமாயிற்று. இன்று நம் அருட்சகோதரிகள் அணியும் முக்காட்டின் வேர் அங்கே இருக்கிறது.

சரி, ஆயரின் மித்ராவுக்கு வருவோம். முதல் ஆயிரம் ஆண்டுகளில் ஆயர்களுக்கு அப்படி ஒரு பொதுவான தலையணி இல்லை. 1049இல் திருத்தந்தை ஒன்பதாம் லியோ, திரியர் நகரின் ஆயர் எபெர்ஹார்துக்கு உரோமையின் மித்ராவை அளித்தார். பின்னர் அது மெல்ல மெல்ல மேலைத் திருச்சபை முழுவதும் பரவியது. 1245இல் லியோன் நகரில் பொதுச்சங்கம் கூடிய காலத்தில், திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை வழங்கினார். திருச்சபைக்காக இரத்தம் சிந்தவும் அவர்கள் தயாராக இருக்கவேண்டும் என்பதை அந்தச் சிவப்பு நினைவூட்டுகிறது. கர்தினால் இறந்ததும் அகன்ற விளிம்புள்ள அந்தத் தொப்பியை அவருடைய கல்லறைக்கு மேலே தொங்கவிடுவார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தூசி படிந்து இற்றுப்போகும். உலகப் பெருமையின் முடிவு அதுதான் என்று பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் பெரிய தொப்பியை நிறுத்திவிட்டார். இப்போது கர்தினால்கள் பெறுவது எளிய சிவப்புச் சதுரத் தொப்பி. அதே திருத்தந்தை 1964 நவம்பரில், தாம் முடிசூட்டப்பட்ட மூன்றடுக்கு மணிமுடியைத் தூய பேதுரு பேராலயப் பீடத்தின்மேல் வைத்து ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டார். அவருக்குப் பின் எந்தத் திருத்தந்தையும் முடிசூட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை ஆயர் நம் பங்குக்கு வரும்போது கவனித்துப் பாருங்கள். நற்செய்தி வாசிக்கப்படும்போது மித்ரா அவர் தலையில் இருக்காது. மன்றாட்டுகளின்போதும் கழற்றிவிடுவார். அதன் அடியில் ஒரு சின்ன வட்டத் தொப்பி இருக்கும். நற்கருணை மன்றாட்டின் தொடக்கவுரைக்கு முன் அதையும் கழற்றுவார். நற்கருணை வழங்கி முடிந்த பிறகே மீண்டும் அணிவார். கடவுளுக்கு முன் மட்டும் கழற்றுவது என்பதால் இலத்தீனில் அதற்கு 'சோலிதேயோ' என்று பெயர். பிள்ளைகளின் கேள்விக்கு விடை இதுதான்: பணியின் அடையாளமாக ஆயர் அணிகிறார், ஆண்டவரின் முன்னிலையில் அவரும் தலை திறந்த ஒரு மனிதராகவே நிற்கிறார்.

வழக்கம் ஊருக்கு ஊர் எப்படி மாறும் என்பதற்குச் சீனத் திருச்சபை நல்ல சான்று. ஐரோப்பாவில் ஒரு பெரியவர் முன் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. சீனாவிலோ பெரியவர் முன் வெறுந்தலையோடு நிற்பது அவமரியாதை. இந்நிலையில் ஒரு சீனக் கிறிஸ்தவரின் கண்முன்னே குரு வெறுந்தலையோடு திருப்பலி நிறைவேற்றினால் அவர் என்ன நினைப்பார்? மத்தேயோ ரிச்சியின் வழியில் அங்கே உழைத்த இயேசு சபையினர் இதை உரோமைக்கு எடுத்துச் சென்றார்கள். நிக்கோலா திரிகோ என்ற குரு நேரில் போய் வேண்டினார். 1615இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், சீனாவில் குருக்கள் தலையை மூடிக்கொண்டே திருப்பலி நிறைவேற்ற அனுமதி தந்தார். இதற்கென்று 'ஜிஜின்' என்ற தனித் தொப்பியே உருவானது. உரோமையில் கழற்றியதும் சீனாவில் அணிந்ததும் ஒரே வணக்கம்.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1262ஆம் சட்டம் இதைப் பற்றிப் பேசியது. ஆண்களும் பெண்களும் ஆலயத்தில் தனித்தனியே அமர்வது நல்லது என்றது. நம் ஊர்க் கோவில்கள் பலவற்றில் அது இன்றும் தொடர்கிறது. ஆண்கள் தலையைத் திறந்தும், பெண்கள் குறிப்பாக நற்கருணை வாங்கும்போது தலையை மூடியும் இருக்கவேண்டும் என்றது. ஆண்களைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே, மக்களின் ஏற்புடைய வழக்கமோ சிறப்புச் சூழ்நிலையோ வேறு விதமாகக் கேட்டால் ஒழிய என்றும் சேர்த்தது. 1976இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், முக்காடு பற்றிய பவுலின் அறிவுரை அக்கால வழக்கத்தைச் சார்ந்த சிறிய ஒழுங்கு, இன்று கட்டாயமில்லை என்று விளக்கியது. 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தச் சட்டம் இடம்பெறவில்லை. எனவே முக்காடு இன்று விருப்பம், கட்டளை அன்று. பக்தியோடு இடும் நம் அம்மாக்களும் பாட்டிகளும் மகிழ்வோடு இடட்டும். இடாமல் வரும் மகளைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. சிகிச்சையில் முடி உதிர்ந்து தொப்பியோடு வரும் சிறுவனிடம், அதைக் கழற்று என்று சொல்ல யாருக்கும் மனம் வரக்கூடாது. பழைய சட்டமே அவனுக்கு இடம் விட்டிருந்தது.

அன்பார்ந்தவர்களே, இன்றைய வாசகத்தின் முடிவைக் கொஞ்சம் பாருங்கள். முக்காட்டைப் பற்றித் தொடங்கும்போது பவுல் கொரிந்தியரைப் பாராட்டித்தான் தொடங்குகிறார். முடிக்கும்போது, இதைப் பற்றிச் சண்டை போடும் வழக்கம் திருச்சபைகளுக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார். அடுத்த வசனத்தில் குரல் மாறுகிறது. உங்களைப் பாராட்ட முடியாது என்கிறார். ஏன்? ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது, வசதி உள்ளவர்கள் முந்தி உண்டு குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று கேட்கிறார்.

நம் பங்குத் திருவிழா அசனப் பந்தியில் யார் முதலில் உட்காருகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள்? சாதியைக் கேட்டுப் பொறுப்புகளைப் பிரிக்கிறோமா? தலையில் துணி இருக்கிறதா என்று பார்க்கும் நம் கண், பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்ததுண்டா? பவுல் இன்று நம் பங்குக்கு மடல் எழுதினால் எதற்காக நம்மைப் பாராட்ட மறுப்பார் என்று இந்த வாரம் வீட்டில் அமர்ந்து பேசிப் பார்ப்போம்.

இறைவா, மூடிய தலையையும் திறந்த தலையையும் ஒருபோலப் படைத்தவர் நீர். உம் பந்தியில் யாரையும் வெட்கப்படுத்தாத மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.