டிபி கிருமியின் பங்காளிகள்: நம் திருவள்ளூர் மண்ணின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்கள் மட்டுமாவது முழுவதும் படித்துவிடுங்கள்.

உங்களில் பலருக்கு இடது தோளில் ஒரு தழும்பு இருக்கும். பிசிஜி தடுப்பூசித் தழும்பு. அந்த ஊசி பெரியவர்களை எந்த அளவுக்குக் காக்கும் என்று உலகமே தெரிந்துகொள்ள வந்த இடம் நம் பகுதி.

1948லேயே சென்னை கிண்டியில் பிசிஜி தயாரிப்பு தொடங்கிவிட்டது. 1955இல் ராஜாஜி இந்தத் தடுப்பூசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். ஆனால் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 80 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. வேறு சில நாடுகளில் பலன் மிகக் குறைவு. எது உண்மை?

இதற்கு விடை காண 1968இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அப்போது நாம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் கைகோத்தன. சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு ஆண்டுக்கணக்காக வீடு வீடாகப் போய் எக்ஸ்ரே, சளி பரிசோதனை.

1979இல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை! பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999இல் வெளியானபோதும் அதே கதைதான். (இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று யாரும் நினைக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் வகை டிபி போன்ற கொடிய நோயிலிருந்து குழந்தைகளை பிசிஜி காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள்.)

ஏன் இப்படி ஆனது? இங்கேதான் பங்காளிகள் வருகிறார்கள்.

1882இல் ராபர்ட் காக் கண்டுபிடித்த காசநோய்க் கிருமிக்கு ஒரு பெரிய குடும்பம் உண்டு. மைக்கோபாக்டீரியா என்று பெயர். காசநோயும் தொழுநோயும் உண்டாக்காத மற்ற உறவுக்காரர்கள் மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் தூசியிலும் சும்மா வாழ்கிறவர்கள். ஆய்வுக்கு வந்தவர்களுக்கு இந்தப் பங்காளிகளில் ஒன்றிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டும் தோல் பரிசோதனை செய்தார்கள். மிகப் பெரும்பாலோருக்குக் கை வீங்கியது. அதாவது நம் ஜனங்களின் உடம்பு சின்ன வயதிலேயே இவற்றைப் பார்த்துப் பழகியிருந்தது. அந்தப் பழக்கமே பிசிஜியின் பலனை மறைத்திருக்கலாம் என்பது இன்றும் சொல்லப்படும் முக்கிய விளக்கங்களில் ஒன்று. 1990களில் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தார் அதே ஆய்வுப் பகுதிக்கு வந்து மண், தண்ணீர், வீட்டுத் தூசி, மனிதர்களின் சளி எல்லாவற்றிலும் இவற்றைத் தேடி எடுத்தார்கள்.

பெரும்பாலானவர்களை இவை ஒன்றும் செய்யாது. ஆனால் பழைய டிபியால் நுரையீரல் பழுதுபட்டவர்கள், கல்தூசி சுவாசித்து வேலை செய்தவர்கள், வயதானவர்கள் ஆகியோரிடம் நோயாக மாறலாம். இருமல், சளி, எடைக் குறைவு என்று எல்லாம் டிபி மாதிரியே. மைக்ராஸ்கோப்பிலும் இரண்டும் ஒரே சிவப்புக் குச்சிகள்தான்!

பழைய காலத்தில் கிருமியை வளர்த்து, அதன் நிறத்தையும் வளரும் வேகத்தையும் வைத்துப் பிரித்தார்கள். ரன்யான் என்பவர் 1959இல் நான்கு பிரிவுகள் வகுத்தார். பிறகு மரபணு முறை வந்தது. 1993இல் வெளியான ஒரு முறையை எளிமையாகச் சொல்கிறேன். கிருமியின் ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பல பிரதிகள் எடுப்பார்கள். இரண்டு நொதிகள் கத்தரி போல, குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டும் அதை வெட்டும். துண்டுகளின் நீளம் இனத்துக்கு இனம் மாறும். நீளத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம். இப்போது மரபணுவின் எழுத்துகளையே நேராகப் படித்துவிடுகிறார்கள்.

பெயர் தெரிந்து என்ன பயன்? மருந்தே மாறுகிறது. அப்சஸஸ் என்ற இனத்தில் ஒரு மரபணு வேலை செய்தால் கிளாரித்ரோமைசின் நாளடைவில் பலிக்காமல் போகும். அதன் உட்பிரிவு ஒன்றில் அந்த மரபணு பழுது. அதே மருந்து நன்றாகக் கேட்கும்.

என் பெரியப்பா மகன் கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டு முறை டிபி மருந்து முழுசாகச் சாப்பிட்டும் சளியில் கிருமி போகவில்லை. மருந்துக்கு அடங்காத டிபி என்றார்கள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். பேத்தியைக் கிட்டே விடவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் சளியை வளர்த்து மரபணு சோதனைக்கு அனுப்பினார். இன்ட்ராசெல்லுலாரே என்ற பங்காளி! மருந்து மாறியது. ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டுத் தேறினார். இந்த வகை பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. அந்தத் தனித் தட்டு தேவையே இருந்திருக்கவில்லை. மருந்தை விட அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

ஆகவே பிள்ளைகளே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். டிபி என்றால் மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்து சிபிநாட் சோதனையில் டிபி இல்லை என்று வந்தாலோ, ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் குறையாவிட்டாலோ, "டாக்டர், இது எந்த இனம் என்று கல்ச்சர் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள்.

அன்று கை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட நம் தாத்தா பாட்டிகளால் உலகம் ஒரு பாடம் படித்தது. அந்தப் பாடம் நம் வீட்டு நோயாளிக்கும் பயன்பட வேண்டும். ஆலைகளில் வேலை செய்யும் உறவினர்களுக்கு இதைக் கட்டாயம் அனுப்புங்கள்.

நலமுடன் வாழ்க.