மலையக வீதிகளில் வேகக் குற்றம்: தண்டப்பத்திரத்தின் சட்ட வரலாறும் இளஞ்சாரதிகளும்

இலங்கையில் வேக எல்லையை மீறி வாகனம் ஓட்டுவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். எல்லை மீறலுக்கான தண்டத்தை வகுக்கும்போது அச்சட்டம் சாரதியின் வயதையும் பார்ப்பதில்லை, வருமானத்தையும் பார்ப்பதில்லை. நேற்று அனுமதிப்பத்திரம் பெற்ற பதினெட்டு வயதுக்காரருக்கும் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பஸ் சாரதிக்கும் அளவுகோல் ஒன்றே. ஆயினும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வீதிகளில் ஓட்டோ ஓட்டிப் பிழைக்கும் தோட்டத்து இளைஞர் ஒருவரிடம் அந்தத் தண்டம் விளைவிப்பதும், கொழும்பிலிருந்து சொந்தக் காரில் உல்லாசமாக வந்து போகும் ஒருவரிடம் விளைவிப்பதும் ஒன்றல்ல. வேகச் சட்டத்தின் வரலாற்றை மட்டும் படித்தால் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பிடிபடாது. மலையகத் தமிழரின் குடியுரிமை, கூலி, மொழி ஆகியவற்றின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

மலையக வீதிகள் பெரும்பாலும் பெருந்தோட்டத்துக்காகப் பிறந்தவை. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி கடுகண்ணாவை வழியாக மலையேறியது. கோப்பித் தோட்டங்கள் பரவப் பரவ வீதிகளும் உள்ளே நீண்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையே மலைநாட்டின் பயிராயிற்று. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்து சேர்ந்தது. காட்டை வெட்டி, பாறையைப் பிளந்து தோட்டப் பகுதிப் பாதைகளைப் போட்டதில் தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்புப் பெரும்பங்கு. மாட்டுவண்டியின் ஏற்றத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப அமைந்த பல பாதைகளின் தடத்திலேயே இன்றைய மோட்டார் வீதிகளும் செல்கின்றன. பாதையைப் போட்டவர்களோ நெடுங்காலம் அதில் நடந்தே போனார்கள். மோட்டார் வாகனம் தோட்டத் துரைமாருடையதாகவும், அதை ஓட்டுவது அவர்களிடம் வேலைபார்த்த சாரதிகளின் தொழிலாகவும் இருந்த காலம் அது.

சட்டமும் பிரித்தானியாவிலிருந்தே வந்தது. அங்கு 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் என எல்லை வகுத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக உயர்த்தி, கார் ஓட்ட ஆகக் குறைந்த வயதையும் 17 என நிர்ணயித்தது. வேகத்துக்கு ஓர் எண், சாரதிக்கு ஒரு வயது, மீறினால் ஒரு தண்டம் என்ற அந்தக் கட்டமைப்பே இலங்கையின் 1927, 1938ஆம் ஆண்டு மோட்டார் கார் கட்டளைச் சட்டங்களின் வழியாக 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. அதன் 123ஆம் பிரிவு அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவதை மட்டுமன்றி, அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவரை ஓட்ட விடுவதையும் குற்றமாக்குகிறது. 141ஆம் பிரிவு வேக எல்லை பற்றியது. 151ஆம் பிரிவு மதுபோதையில் ஓட்டுவதையும், பொறுப்பற்ற, கவனயீனமான ஓட்டத்தையும் தண்டிக்கிறது. எண்ணால் அளக்கப்படும் குற்றமும் நடத்தையால் அளக்கப்படும் குற்றமும் இப்படித் தனித்தனியே நிற்பதை மனத்தில் கொள்வது நல்லது. மலைப் பாதையில் அந்தப் பிரிப்பே பெரிய சிக்கலாகிறது.

இச்சட்டம் நிறைவேறியபோது தோட்டத் தமிழரில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்திற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் மிகச் சிலரையே உள்ளே விட்டது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது. நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே அந்தக் கணக்கு முடிவுக்கு வந்தது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை நாட்டின் மற்ற இளைஞருக்குப் பள்ளிப் பருவத்தோடு கிடைத்த பொருள். தோட்டத்தில் அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுவதே ஒரு தலைமுறையின் அலைச்சலாக இருந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும். அட்டை பிந்தியவருக்கு அனுமதிப்பத்திரமும் பிந்தியது. வீதிச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்கே ஆவணம் தேவைப்படும்போது, ஆவணம் மறுக்கப்பட்ட சமூகம் சட்டத்துக்கு வெளியே வாகனத்தைத் தொடும்படி தள்ளப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஓட்டோ இந்த நிலைமையை வேறு திசைக்குத் திருப்பியது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் விருப்பமில்லாத, நகரத்துக் கடைகளில் நிரந்தர வேலையும் கிடைக்காத தோட்டத்து இளைஞர்களுக்கு முச்சக்கரவண்டி சொந்தத் தொழிலாயிற்று. லயக் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்லப் பஸ் வராத தோட்டங்களில் அது அத்தியாவசியமும் ஆயிற்று. பல வண்டிகள் லீசிங் தவணையில் எடுக்கப்பட்டவை. ஓடாத நாளுக்கும் தவணை ஓடும்.

வேகத்துக்குப் பிடிபடும் சாரதிக்கு நடைமுறையில் நேர்வது இது. பொலிஸ் உத்தியோகத்தர் அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்; அந்தப் பத்திரமே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அதற்குள் தண்டத்தைத் தபாலகத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும், வழக்கும் இல்லை. தவறினால் 28 நாட்களுக்குள் இரட்டிப்பாகச் செலுத்த வேண்டும். அதுவும் தவறினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. 2025இல் தொலைபேசி வழியாகச் செலுத்தும் கோவ்பே முறை அறிமுகமாகத் தொடங்கியது. உடனடித் தண்டத்தோடு முடிந்தால் அது ஒரு செலவு; நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு குற்றத்தீர்ப்பு. அரசாங்க வேலைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ பொலிஸ் சான்றிதழ் கேட்கப்படும் வயதில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. அந்தத் தூரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் 14 நாட்களில் காசு புரட்ட முடிந்ததா என்பதுதான்.

தண்டத்தின் அளவு கடந்த இரு பத்தாண்டுகளில் வேகமாக ஏறியது. 2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கூட்டியதோடு, தொடர்ந்து தவறு செய்யும் சாரதிக்குப் புள்ளி சேர்த்து அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் முறைக்கும் வழிவகுத்தது. 2016 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தை ஒட்டி, பாரதூரமான குற்றங்களுக்கு ஆகக் குறைந்த தண்டம் 25,000 ரூபா என்ற யோசனை எழுந்தது. தனியார் பஸ்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. இழுபறிக்குப் பின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வேகக் குற்றத்தைப் படிகளாகப் பிரித்தது: எல்லையை 20 வீதம் வரை மீறினால் 3,000 முதல் 5,000 ரூபா, 30 வீதம் வரையென்றால் 10,000 வரை, 50 வீதம் வரையென்றால் 15,000 வரை, அதற்கும் மேலென்றால் 15,000 முதல் 25,000 ரூபா வரை. அனுமதிப்பத்திரமின்றி ஓட்டினால் தொடக்கமே 25,000.

படிகளாகப் பிரித்தது நியாயமான சீர்திருத்தம்தான். ஆனால் வீத அடிப்படையிலான கணக்கு ஓட்டோக்காரரை இறுக்கிப் பிடிக்கிறது. முச்சக்கரவண்டிக்கு வேக எல்லை மணிக்கு 40 கிலோமீற்றர். நகரத்துக்கு வெளியே காருக்கு 70. ஒரே நேர்ப்பாதையில் இரண்டும் 61 கிலோமீற்றரில் போனால் கார் சட்டத்துக்குள் இருக்கிறது. ஓட்டோ எல்லையை 50 வீதத்துக்கு மேல் மீறி உச்சப் படியில் நிற்கிறது. முச்சக்கரவண்டி இலகுவில் கவிழும் என்பதால் குறைந்த எல்லைக்குக் காரணம் உண்டு. தண்டத்தின் பாரத்துக்கு அதே காரணம் போதாது. 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. அவ்வாண்டின் கணக்கில் 3,000 ரூபா தண்டம் நான்கு நாட் கூலிக்கு மேல். 25,000 ரூபா முப்பத்தைந்து நாட் கூலிக்கு மேல். அடிப்படைக் கூலி 2024இல் 1,350 ஆனபோதும் உச்சத் தண்டம் பதினெட்டு நாள் உழைப்பைத் தாண்டியது. மகனுக்கு விழும் தண்டத்தைத் தாயின் கொழுந்துக் கூலி கட்டும் குடும்பங்களில் இந்தக் கணக்கு வெறும் கணக்கல்ல.

பதினெட்டு வயது நிரம்பாதவர் பிடிபட்டால் வேகம் இரண்டாம் பட்சமாகிவிடும். அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்க முடியாது. ஆகவே 123ஆம் பிரிவு முன்னே வருகிறது. வண்டியைக் கொடுத்த தந்தையோ அண்ணனோ அதே பிரிவின் கீழ் தனியாகக் குற்றவாளியாகிறார். அனுமதிப்பத்திரம் பெற்ற சாரதியையே காப்புறுதி உள்ளடக்குவதால், விபத்து நேர்ந்தால் நட்டஈடு குடும்பத்தின் தலையில் விழக்கூடும். உயிரிழப்பு ஏற்பட்டால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறையை விதிக்கிறது. சிறுவர்களை வேறு முறையில் விசாரிக்கும் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் பதினாறு வயதோடு நின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அந்தப் பாதுகாப்பைப் பதினெட்டு வரை நீட்டியது.

இளஞ்சாரதிகளைத் தனி வகையாகக் கருதும் சட்டங்கள் பிற நாடுகளில் உள்ளன. நியூசிலாந்து 1987இல் படிப்படியாக உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. பிரித்தானியாவின் 1995ஆம் ஆண்டுப் புதிய சாரதிகள் சட்டப்படி, உரிமம் பெற்ற இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும். மீண்டும் சோதனையில் தேற வேண்டும். இந்தியா 2019இல் சேர்த்த 199ஏ பிரிவு, சிறுவன் ஓட்டிய குற்றத்துக்குப் பெற்றோரையோ உரிமையாளரையோ மூன்று ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப இடமளிக்கிறது. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. முதல் இரண்டும் பயிற்றுவிக்கும் சட்டங்கள், மூன்றாவது அச்சுறுத்தும் சட்டம். இலங்கையில் ஓட்டோச் சாரதியின் ஆகக் குறைந்த வயதை 35 ஆக்கும் யோசனை ஒரு கட்டத்தில் எழுந்து எதிர்ப்பைச் சந்தித்தது. ஒரு தலைமுறையின் தொழிலையே மூடுவதை விட, அனுபவத்தோடு உரிமையை விரிக்கும் நியூசிலாந்து வழி மலையகத்துக்கு எவ்வளவோ பொருந்தும்.

தண்டப்பத்திரத்தின் மொழி இன்னொரு சட்டப் பிரச்சினை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் அதன் இடத்தை வரையறுத்தது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சிங்கள மொழியில் நடக்கும் வழக்கிலும் தமிழ் பேசுபவருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு. நடைமுறையில் தமிழ் எழுதத் தெரிந்த பொலிஸார் குறைவு. எந்தப் பிரிவின் கீழ், எத்தனை நாளுக்குள், எவ்வளவு என்பது சிங்களக் கையெழுத்தில் இருந்தால், அதை வாசிக்கத் தெரியாத இளைஞர் நாளைத் தவறவிடுவதும் தண்டம் இரட்டிப்பாவதும் எளிது. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, நீதிமன்றத்தில் மறுப்பதா என்ற தெரிவும் அந்தப் பத்திரத்தைப் புரிந்துகொள்வதிலேயே தொடங்குகிறது.

மலைநாட்டின் பெரும் விபத்துகள் வேறொன்றையும் காட்டுகின்றன. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்லை குறுக்குப் பாதையில் கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் வான் ஒன்றிலும் ஓட்டோ ஒன்றிலும் மோதி ஏழு பேர் இறந்தனர். 2025 மே 11இல் கொத்மலை கரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிலும் பஸ்ஸை ஓட்டியவர்கள் தோட்டத்து இளைஞர்கள் அல்லர். செங்குத்தான இறக்கத்தில், மூடுபனியில், கொண்டை ஊசி வளைவில், 40 கிலோமீற்றர் கூட உயிரைப் பறிக்கும்; ஒரு நேர்ப்பாதையில் 50 யாருக்கும் தீங்கின்றிப் போகலாம். வேகமானிக் கருவியுடன் பொலிஸ் நிற்க வசதியான இடம் பெரும்பாலும் நேர்ப்பாதையே. எண்ணைக் கொண்டு தண்டிப்பது இலகு என்பதால் 141ஆம் பிரிவு அதிகம் உழைக்கிறது. வளைவில் முந்துவதையும் இறக்கத்தில் கியரை விடுவித்து ஓடுவதையும் பிடிக்க வேண்டிய 151ஆம் பிரிவு விபத்துக்குப் பிறகே நினைவுக்கு வருகிறது.

தண்டத்தின் தொகை நாடாளுமன்றத்தில் பலமுறை திருத்தப்பட்டது. முதல் தவறையும் பத்தாவது தவறையும் வேறுபடுத்தக்கூடிய புள்ளி முறையோ, 2009க்குப் பின் பதினைந்து ஆண்டு கடந்தும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அதை நடைமுறைப்படுத்தவும், இருமொழிப் பிரிவுகளில் தண்டப்பத்திரத்தைச் சாரதி வாசிக்கும் மொழியில் எழுதிக் கொடுக்கவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்தாலே போதும்.