சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் பங்கு வாங்குங் காலமும்

வீழ்ந்துகொண்டிருக்கும் சந்தையிற் பங்கொன்றை எப்பொழுது வாங்குவது என்னும் வினாவுக்கு விலைப்பட்டியலிலேயே விடை தேடுவது பலரது வழக்கம். திருகோணமலையின் அண்மைக்கால வரலாறு அவ்வழக்கத்தின் குறைபாட்டைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியமை அந்நாளில் ஒரு பெருந் தொழினுட்பப் புரட்சியாகும். அதன் விளைவாகவே சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு உருக்குத் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் நடத்திய தாக்குதலில் அவற்றுள் ஒன்று அழிந்தது. பின்னர், நெடுங்காலம் இவை பெரிதும் பயனின்றிக் கிடந்தன. 2003இல் இலங்கைக்கு வந்த லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் கீழ்த்தொகுதித் தாங்கிகளைப் பயன்படுத்தத் தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே அதன் பங்குகளிற் காற்பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது.

2022 ஜனவரியிற் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியிருந்தது. மார்ச்சில் ரூபா சரிந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. புத்தாண்டு விடுமுறையின் பின்னரும் ஒரு வாரம் மூடப்பட்டிருந்த சந்தை 25ஆம் நாள் திறந்ததும், வீழ்ச்சியின் வேகத்தால் அன்றே வர்த்தகம் நிறுத்தப்பட்டது. சுட்டெண் 8,000க்குக் கீழே இறங்கியது. அடித்தளம் இதுதான் என்று அன்று எவர் துணிந்து கூறியிருக்க முடியும்?

ஆயின், சுட்டெண் காட்டாத செய்தியொன்று சீனக்குடாவில் இருந்தது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அடக்கவிலைக்கும் குறைவாக விற்று நட்டத்தில் மூழ்க, ஐ.ஓ.சி. தன் சில்லறை விலையைத் தானே நிர்ணயிக்க வல்லதாயிருந்தது. மார்ச்சிலேயே டீசலுக்கு 75 ரூபாவும் பெற்றோலுக்கு 50 ரூபாவும் அது கூட்டியது. யூன் இறுதியிற் கூட்டுத்தாபனத்தின் கையிருப்பு அருகியபோது திருகோணமலை முனையத்திலிருந்தே எரிபொருள் வெளிச்சென்றது. அவ்வாண்டிற் பங்கின் விலை பன்மடங்காயிற்று. மண்ணெண்ணெய்க்காகக் கலனுடன் காத்துநின்ற மீனவரின் துன்பமும் பங்குடையோரின் இலாபமும் ஒரே தட்டுப்பாட்டினின்று பிறந்தவை என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

விலை உச்சத்தை எட்டிய பின்னர், செப்டெம்பரில் ஆரவாரங் கண்டு வாங்கியோரின் நிலை வேறு. தட்டுப்பாடு தணிந்தது, 2023இற் சீனாவின் சினோபெக் நிறுவனம் சில்லறை விற்பனையிற் புகுந்தது. அதற்குள் அப்பங்கு தன் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது.