மூணாவது தடவை ரசம்

1/
செம்மேட்டில் டூட்டி. போன மாசம் ஓபிக்கு ஒரு தங்கச்சி வந்தாங்க. இந்த மலையில பிறந்து, வெளியூர்ல பிஎச்டி பண்றவங்க. "எட்டு கிலோ குறைஞ்சிட்டேன் சார், தூக்கமே வரல." சுகர், தைராய்டு, சளி எல்லாம் பார்த்தாச்சு. எல்லாமே நார்மல். கடைசியா, "அங்க யார்கூடம்மா சாப்பிடுவீங்க?"னு கேட்டேன். அழுதுட்டாங்க.
(அவங்க அனுமதியோட, அடையாளம் மாற்றி எழுதறேன்.)

2/
அன்று இரவு ராமானுஜன் நினைவுக்கு வந்தார். இங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி சமவெளிக்குப் போனா நாமக்கல். அங்க இருக்கிற நாமகிரித் தாயார்தான் அவங்க குடும்பம் கும்பிட்ட தெய்வம். கணித மேதை ராமானுஜன் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு நான் சொல்லப்போறது ஆராய்ச்சி மாணவர் ராமானுஜன் கதை.

3/
1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கையில் டிகிரி இல்லை; எஃப்ஏ-விலேயே ஃபெயில் ஆனவர். மூணு மாசத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் தரணும். இன்றைய ஸ்காலர்களுக்கு இந்த வாழ்க்கை நல்லாவே புரியும்!

4/
1914 மார்ச் 17 கப்பல் ஏறினார். ஏப்ரலில் இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, வழிகாட்டி ஹார்டி. ஆகஸ்டில் உலகப்போர் வெடித்தது. இன்னொரு ஆசான் லிட்டில்வுட் ராணுவப் பணிக்குப் போயிட்டார். மாணவர்கள் போர்முனைக்குப் போனாங்க. டிரினிட்டி வளாகத்துக்குள்ளேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டாங்க. அவர் பார்த்த கேம்பஸ் லைஃப் அதுதான்.

5/
சுத்த சைவம். கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிட மாட்டார். அறையிலேயே தனியா சமையல். போர்க்காலத்தில் காய்கறிக்கே தட்டுப்பாடு. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் அவரைப் போய்ச் சேரவில்லை. வீட்டில் மாமியார் அவற்றை அனுப்ப விடவில்லை என்று ஜானகியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

6/
ஒரு நாள் குளிரில் நடுங்குவதாகவும், ஓவர்கோட், சால்வையோடு படுப்பதாகவும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த மகலனோபிஸ் (பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர்). நேரா படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்துச் செருகியபடியே இருந்தன. அவற்றுக்குள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு நம்மாளுக்குத் தெரியலை! ரெண்டு நிமிஷத்தில் பிரச்சினை தீர்ந்தது.

7/
இன்னொரு நாள் ஒரு இந்திய நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். தானே சமைத்த ரசம். முதல் தடவை ஊற்றினார், குடிச்சாங்க. ரெண்டாவது தடவையும் குடிச்சாங்க. மூணாவது தடவை அந்தப் பெண் போதும் என்றார். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது: ஐந்து பவுண்டு அனுப்பவும்.
இதைப் படிச்சிட்டு 'மேதைன்னா அப்படித்தான்'னு சிரிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரலீங்க. அந்தளவுக்குத் தனிமையில் இருந்த ஒருத்தர்.

8/
1916 மார்ச்: ஆராய்ச்சிக்காக பிஏ பட்டம். 1917: நோய். இரவில் காய்ச்சல், எடை குறைவு. இரைப்பைப் புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். ஒரு சானடோரியம் விட்டு இன்னொன்று. 1918 தொடக்கத்தில் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டார். ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனதும் அதே ஆண்டுதான். பட்டமும் விரக்தியும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள்ள இருக்க முடியும்.

9/
1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி, இது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று வாதிட்டார். இந்தியாவில் இருந்தபோது வந்த வயிற்றுக்கடுப்பின் மிச்சம். இது ஒரு கருத்துதான், இனி டெஸ்ட் செய்ய முடியாது. ஆனால் எமட்டின் ஊசி இதற்கு வேலை செய்யும் என்று 1912-லேயே கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் காட்டிவிட்டார். யங் சொல்வது சரியென்றால், "முன்னாடி என்ன நோய் வந்துச்சு?"ங்கற கேள்வியை யாரும் அழுத்திக் கேட்காததுதான் குறை.

10/
ஹார்டி கெட்டவர் இல்லை. சானடோரியம் போய்ப் பார்த்தார், ஃபெல்லோஷிப்புக்குப் போராடினார். ஆனால் அவரே பின்னாளில் வருந்தினார்: தினமும் சந்தித்தும், என்ன படித்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கவே இல்லையே என்று. தினமும் புதுத் தேற்றங்களோடு வந்து நிற்பவரிடம் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. கணக்கைப் பற்றியே கேட்காதவர், சாப்பாட்டைப் பற்றி எங்கே கேட்டிருப்பார்?

11/
1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

12/
கைடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மீட்டிங்கில் சாப்டரைப் பற்றிக் கேட்கும் முன்னால் "சாப்பிட்டியா, தூங்கினியா?"னு கேளுங்க. ஹாஸ்டல் தோழர்களே, மகலனோபிஸ் மாதிரி ஒருமுறை பக்கத்து அறைக்குப் போய்ப் பாருங்க. ஸ்காலர்களே, தாங்க முடியலைன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க. இலவசம், 24 மணி நேரமும்.

அந்தத் தங்கச்சிக்கு மாத்திரை எதுவும் எழுதலை. தினமும் ஒரு வேளையாவது யார்கூடவாவது உட்கார்ந்து சாப்பிடணும்னு ஓபி சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். நேத்து பண்ணாங்க. இப்போ மூணு பேரா சேர்ந்து சாப்பிடறாங்களாம்.