குரங்கணி - டாப் ஸ்டேசன் மலைப்பாதை

குரங்கணி - டாப் ஸ்டேசன் மலைப்பாதை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்துள்ள ஒரு நடைபாதை ஆகும். அடிவாரச் சிற்றூரான குரங்கணியையும் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள டாப் ஸ்டேசனையும் இது இணைக்கிறது. நீளம் ஏறத்தாழ 12 கி.மீ. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் சமவெளிக்கு இறங்கிய வழியை ஒட்டியே இப்பாதை செல்கிறது.

அமைவிடம்

போடிநாயக்கனூரிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ள குரங்கணியுடன் சாலை முடிகிறது. அங்கிருந்து மாந்தோப்புகளையும் காப்பித் தோட்டங்களையும் கடந்து பாதை ஏறுகிறது. நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேசன் என்னும் குடியிருப்பு உள்ளது. அதற்கு மேல் புல்வெளிகளும், மடிப்புகளில் சோலைக்காடுகளும், உச்சியில் தேயிலைத் தோட்டங்களும் காணப்படுகின்றன. வானம் தெளிந்த நாளில் போடிச் சமவெளி முழுவதும் கீழே விரிந்து தெரியும். மூணாறுப் பகுதி மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது.

டாப் ஸ்டேசன் கேரளத்தில் உள்ளது எனப் பலரும் கருதுவது தவறு. அது தேனி மாவட்டத்தின் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. எனினும் வண்டிச் சாலை கேரளத்தின் மூணாறு வழியாகவே உள்ளது. ஆகவே அவ்வூரார் தம் மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு வண்டியில் வர ஏறத்தாழ 100 கி.மீ. சுற்ற வேண்டும். குரங்கணியிலிருந்து நேர்ச்சாலை வேண்டும் என்பது இவர்களின் நெடுநாள் கோரிக்கை.

வரலாறு

1902 ஆம் ஆண்டில் மூணாறுக்கும் டாப் ஸ்டேசனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓட, பக்கவாட்டில் இருந்த பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் காத்தது. வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908 இல் இதற்குப் பதிலாக 2 அடி அகலக் குறுகிய தொடருந்துப் பாதை இடப்பட்டது.

டாப் ஸ்டேசனை அடைந்த தேயிலைப் பெட்டிகள், ஏறத்தாழ 5 கி.மீ. நீளக் கம்பிவடப் பாதையில் கீழே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. மேல் நிலையம், நடு நிலையம், கீழ் நிலையம் என்ற வரிசையில் வந்தவையே இவ்வூர்களின் ஆங்கிலப் பெயர்கள். அங்கிருந்து பெட்டிகள் மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் சென்றன. அங்கே உடனே தொடருந்தில் ஏற்றப்பட்டதாகச் சிலர் எழுதுவது பொருந்தாது. மதுரை - போடிநாயக்கனூர் தொடருந்துப் பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1924 சூலையில் பெய்த பெருமழையில் மூணாற்றுத் தொடருந்துப் பாதை அழிந்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099 இல் நிகழ்ந்ததால் இது கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' எனப்படுகிறது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை.

2018 காட்டுத்தீ

2018 மார்ச் 11 அன்று, அருகிலுள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். மருத்துவமனைகளில் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். மீட்புப் பணியில் இந்திய வான்படையின் உலங்கு வானூர்திகளும் ஈடுபட்டன. அக்குழுவினர் எப்பாதைக்கு அனுமதி பெற்றிருந்தனர் என்பது பின்னர் சர்ச்சைக்குள்ளானது.

இச்சரிவுகளில் ஆளுயரம் வளரும் புல், கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்துவிடுகிறது. சரிவில் பற்றும் தீயின் சுவாலை மேலுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்குவதால், தீ சமதரையில் பரவுவதைவிட விரைவாக மேல்நோக்கி ஏறும். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலெழும் காற்றும் அதற்குத் துணைபுரியும். எனவே இத்தகைய இடத்தில் தீக்கு மேற்புறமாக ஓடித் தப்புவது அரிது. ஏற்கனவே எரிந்து அடங்கிய நிலமோ பாறைப்பரப்போ ஓரளவு பாதுகாப்பானது.

அனுமதி

இந்நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு 2018 இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. வனத்துறையின் முன் அனுமதி இன்றிக் காட்டுப்பாதைகளில் செல்லுதல் குற்றமாகும். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. பதிவு இணையம் வழியாக நடைபெறுகிறது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதை அவற்றுள் ஒன்று. தீப்பருவத்தில் மலையேற்றம் நிறுத்தப்படும்.