முன்பின் தெரியாதவருக்குத் தானியங்கி மின்னஞ்சல்: காத்தான்குடி வியாபாரி அறிந்திருக்க வேண்டியவை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே சில கிலோமீற்றர் வந்தால் வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். அதுதான் காத்தான்குடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமான வீடுகளும் பிரதான வீதி நெடுகக் கடைகளும். வியாபாரத்தால் பெயர் பெற்ற ஊர் இது. ஆனால் ஒரே வீதியில் பல புடவைக் கடைகள் இருக்கும்போது, வருகின்ற அதே வாடிக்கையாளர்களையே எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் வெளியே பார்க்கத் தோன்றும். டுபாயிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள கடைக்காரருக்குக் கைத்தறிச் சாரனையோ அபாயாவையோ நேரடியாக அனுப்ப முடியாதா? முடியும். அவர்களுக்கு எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை என்றால் அதைச் செய்து தரும் மென்பொருள்களும் இருக்கின்றன. அறிமுகமில்லாத ஒருவருக்கு வியாபாரம் கேட்டு எழுதும் இத்தகைய மின்னஞ்சலைத் தொழிலில் ‘கோல்ட் இமெயில்’ என்கிறார்கள்.

இந்த மென்பொருள்களைப் பற்றி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அவை நம்மிடம் இருப்பதைப் பெருக்கித் தருபவை. நல்ல பட்டியலைக் கொடுத்தால் வியாபாரம் பெருகும். மோசமான பட்டியலைக் கொடுத்தால் கெட்ட பெயர் பெருகும்.

தொடக்கமே இப்படித்தான்

1978 மே மாதம், அமெரிக்காவின் டிஜிட்டல் இக்விப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குப் புதிய கணினி பற்றிய ஒரே அறிவித்தலை அனுப்பினார். யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அந்த மடல் நல்ல விற்பனையைக் கொண்டுவந்தது என்று அவர் பின்னாளில் கூறினார். அதேவேளை வலையமைப்பை நிர்வகித்தவர்களிடமிருந்து கண்டனமும் வந்தது. இன்று பலர் அவரை ஸ்பாமின் தந்தை என்றே அழைக்கிறார்கள். விற்பனை, கண்டனம் இரண்டும் ஒரே மடலிலிருந்து பிறந்தன. அந்த நிலைமை இன்னும் மாறவில்லை.

எப்படி இயங்குகிறது?

அடிப்படை எளிது. ஒரு அட்டவணையில் பெயர், கடை, ஊர், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை நிரல்களாக எழுதுகிறோம். இன்னொரு பக்கம் ஒரு கடிதத்தை எழுதி, பெயரும் கடையும் வர வேண்டிய இடங்களை வெற்றாக விடுகிறோம். மென்பொருள் ஒவ்வொரு வரிசையையும் எடுத்து வெற்றிடங்களை நிரப்பித் தனித்தனி மடலாக அனுப்புகிறது. பதில் வராவிட்டால் நான்கைந்து நாட்களின் பின் ஒரு நினைவூட்டல் போகும். பதில் வந்தவுடன் அந்த நபருக்கான வரிசை தானாக நின்றுவிடும்.

இதற்கென்றே கட்டணச் சேவைகள் பல உண்டு. சென்னையில் உருவான கிளென்டியும் அவற்றில் ஒன்று. தொடங்குபவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. கூகுள் ஷீட்ஸோடு இயங்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் இலவசக் கணக்கிலேயே ஒரு நாளைக்கு 100 பேருக்கு அனுப்பலாம். சாதாரண ஜிமெயில் கணக்கின் மொத்த எல்லை நாளொன்றுக்கு 500. புதிய ஒருவருக்கு இவை தாராளம். உண்மையில் முதல் வாரங்களில் நாளொன்றுக்குப் பத்து, இருபதுக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. நேற்று வரை மௌனமாக இருந்த முகவரியிலிருந்து இன்று நூற்றுக்கணக்கில் மடல்கள் புறப்பட்டால் பெறும் பக்கத்துக் கணினிகள் உடனே சந்தேகப்படும்.

பட்டியலில்தான் எல்லாம்

பத்தாயிரம் முகவரிகளைச் சில டொலருக்கு விற்கும் ஆட்கள் இணையத்தில் நிறைய. அதை வாங்கக் கூடாது. அந்தப் பட்டியல்களில் செத்த முகவரிகள் இருக்கும். ஸ்பாம் அனுப்புபவரைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்ட பொறி முகவரிகளும் இருக்கலாம்.

தானே தேடி எழுதிய 50 பெயர்கள் அதைவிடப் பெறுமதியானவை. உதாரணமாக, மருதமுனைக் கைத்தறிச் சாரனை விற்க நினைக்கும் ஒரு கடை, லண்டனில் இலங்கை உடைகள் விற்கும் கடைகளின் இணையதளங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சாரன் ஏற்கெனவே விற்கிறார்களா? என்ன விலை? எந்த நிறம் இல்லை? இந்த மூன்றுக்கும் விடை எழுதிய நிரல் ஒன்று அட்டவணையில் இருந்தால்தான் கடிதத்தின் முதல் வரி உண்மையாக அமையும். இந்த வேலையை மென்பொருளிடம் விட முடியாது.

எரிந்துபோகும் முகவரி

பலர் கவனிக்காத ஆபத்து இது. கடையின் சொந்த டொமைனிலிருந்து கண்டபடி அனுப்பி, பெற்றவர்கள் ஸ்பாம் என்று அழுத்தத் தொடங்கினால், பாதிப்பு அந்த விளம்பர மடல்களோடு நிற்காது. பல வருட வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியலும், கொழும்பு மொத்த வியாபாரிக்கு அனுப்பும் ஓடரும்கூட ஸ்பாம் கோப்புறைக்குள் விழலாம். புதிய வாடிக்கையாளரைத் தேடப்போய்ப் பழையவரையும் இழக்கும் நிலை.

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியுள்ளன. அனுப்புபவர் தன் டொமைனில் எஸ்.பி.எஃப், டிகிம் ஆகிய அடையாளச் சான்றுகளில் ஒன்றையாவது அமைத்திருக்க வேண்டும். முதலாவது, இந்த டொமைனின் பெயரில் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்று சொல்வது. இரண்டாவது, மடலில் இடப்படும் மின்னணு முத்திரை. இவை பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்வது என்று சொல்லும் மூன்றாவது பதிவு டிமார்க். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். சிறிய கடைக்கும் மூன்றையும் அமைப்பது நல்லது. டொமைன் வாங்கிய இடத்திலேயே அமைக்கலாம்.

ஸ்பாம் முறைப்பாடு 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது கூகுளின் விதி. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் கோபத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லை தொட்டாயிற்று.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கடையின் பிரதான டொமைனைத் தொடாமல், அதே பெயரைத் தழுவிய வேறொரு டொமைனை இதற்கென வாங்குகிறார்கள். பெயரைத் தழுவியதாக இருந்தாலும் யார் எழுதுகிறார் என்பது மடலில் தெளிவாக இருக்க வேண்டும். இது பழைய வாடிக்கையாளருக்குப் பாதுகாப்புத் தரும் ஏற்பாடு மட்டுமே. கண்டபடி அனுப்ப அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த நாட்டுக்கு எந்தச் சட்டம்?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவரின் தனிப்பட்ட தரவைக் கொண்டு மின்னணு வழியில் விளம்பரச் செய்தி அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும், செலவின்றி விலகும் வழியும் தர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் சட்டம் இது; எந்தப் பகுதி அமுலில் உள்ளது என்பதை அனுப்புமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். தனிநபரின் பெயர் கொண்ட முகவரியைத் தவிர்த்து, கடை தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ள பொது முகவரிக்கு எழுதுவது பாதுகாப்பான தொடக்கம்.

அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் முன்சம்மதம் கேட்பதில்லை. ஆனால் தலைப்பு ஏமாற்றக் கூடாது, அனுப்புபவரின் தபால் முகவரி இருக்க வேண்டும், விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும்.

பிரித்தானியாவில் கம்பனிகளுக்கு எழுதலாம். தனிநபர் வணிகமாக நடக்கும் கடையைச் சட்டம் தனிநபராகவே கருதுகிறது. அங்கே சம்மதம் தேவை. நம்மவர்களின் சிறு கடைகள் பலவற்றுக்கு இது பொருந்தக்கூடும். கனடாவின் சட்டம் மிகக் கடுமையானது. 2014 ஜூலையிலிருந்து அமுலிலுள்ள அது நிறுவனங்களுக்கு ஒரு கோடி கனேடிய டொலர் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ஒருவர் தன் முகவரியைப் பகிரங்கமாக வெளியிட்டு, விளம்பரம் வேண்டாம் என்று குறிப்பிடாமல் இருந்து, மடலும் அவருடைய தொழிலோடு தொடர்புடையதாக இருந்தால் மறைமுகச் சம்மதமாகக் கொள்ளலாம். ஜேர்மனியில் நிறுவனத்துக்கு எழுதுவதற்கும் முன்சம்மதம் வேண்டும். அங்கே வர்த்தகக் கண்காட்சி போன்ற வேறு வழியைத் தேட வேண்டும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

ஆறேழு வரி போதும். முதல் மடலில் இணைப்புக் கோப்பு வேண்டாம். முகமறியாதவர் அனுப்பும் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள். முன்பே பேசியதுபோல் காட்ட, தலைப்பில் பதில் மடலின் குறியைப் போடும் தந்திரமும் வேண்டாம். பொய்யில் தொடங்கிய வியாபாரம் நிலைக்காது என்பது நம் கடைத்தெருவுக்குத் தெரிந்ததுதானே. ஒரு மாதிரி:

“உங்கள் கடையின் இணையதளத்தில் சாரன் பகுதியைப் பார்த்தேன். நூல் சாரன்கள் இருக்கின்றன, கைத்தறிச் சாரன் இல்லை. நாங்கள் காத்தான்குடியில் கடை வைத்திருக்கிறோம். மருதமுனை நெசவாளர்களிடமிருந்து நேரடியாக எடுக்கிறோம். மூன்று மாதிரிகள் எங்கள் செலவில் அனுப்பலாமா? விருப்பமில்லை என்றால் ஒரு சொல்லில் பதில் போடுங்கள். மீண்டும் எழுத மாட்டோம்.”

கீழே பெயர், கடை விலாசம், தொலைபேசி இலக்கம். இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம். இவர் யார் என்று பெறுபவர் மனதில் எழும் முதற் கேள்விக்கு அது விடை.

நேரமும் முக்கியம். இங்கே காலை 9 மணி என்றால் டுபாயில் 7.30, ரொறன்ரோவில் முந்திய நாள் இரவு 10.30 அல்லது 11.30. சவூதியிலும் கட்டாரிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 முதல் அரச அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். நாடு வாரியாகப் பட்டியலைப் பிரித்து நேரம் குறித்தால் மென்பொருள் அதன்படி அனுப்பும்.

நினைவூட்டல் ஒன்று, கூடினால் இரண்டு. அதற்கு மேல் போனால் தொல்லை. வேண்டாம் என்றவரின் பெயரை அழிக்காமல் தனிப்பட்டியலில் வைத்திருங்கள். இல்லையேல் ஆறு மாதத்தில் மறந்துபோய் அவருக்கே மறுபடி எழுதுவோம்.

பதில் வந்த பிறகு மென்பொருளுக்கு வேலை இல்லை. அன்றே பதில் எழுதுவதும், சொன்ன மாதிரியைச் சொன்ன நாளில் அனுப்புவதும், காட்டிய துணியையே பொதியிலும் வைப்பதும் கடைக்காரரின் வேலை. அறிமுகமில்லாத ஊரில் துணியோடு போய் ஒரு கடை வாசலில் நின்ற தலைமுறைக்கு இது புரியும். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் படியேறினார்கள். மின்னஞ்சலுக்கும் அதே மரியாதை போதும்.